பிரசவத்தில் கை அடிபட்ட குழந்தைக்கு ஒரு வருடம் பிசியோ: போய்வந்த சென்டர் எப்படி?

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். பெற்றோரின் கையைப் பழக்கிவிடுவதற்கு ஐந்துக்கு ஐந்து. அடுத்து யாரிடம், எப்போது போகவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வதற்கு ஐந்துக்கு ஒன்றரை. பெயரும் முகவரியும் போடாமல் இது என்ன விமர்சனம் என்று கேட்கலாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் செய்த தவறு சின்னதும் இல்லை, அதனால் பெயர் வேண்டாம். பச்சைக் குழந்தைகளுக்குப் பிசியோ செய்கிற எந்த இடத்துக்குப் போனாலும் எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்தால் போதும்.

என் மகன் பிறந்தபோது 4.3 கிலோ. தலை வெளியே வந்துவிட்டது, தோள் வரவில்லை. நான் மனைவியின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு நர்ஸ்கள் அவள் கால்களை மடக்கி வயிற்றோடு அழுத்தினார்கள், இன்னொருவர் அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு மேலே உள்ளங்கையை வைத்து அமுக்கினார், அறையில் அதுவரை பேசிக்கொண்டிருந்த எல்லோரும் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு நேரம் என்று சத்தியமாகச் சொல்லத் தெரியாது. குழந்தை வந்தான், கொஞ்சம் தாமதமாக அழுதான், இடது கையை உதறி உதறி அழுதான். வலது கை ஈரத்துணி மாதிரி பக்கத்தில் கிடந்தது.

"வீக்கம்தான், ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சுகப்பிரசவம்' என்று இருந்தது, கையைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, கை அப்படியே. முழங்கை நீட்டியபடி, உள்ளங்கை பின்பக்கம் பார்த்தபடி, மணிக்கட்டு மடங்கி, யாருக்கும் தெரியாமல் பின்னால் கையை நீட்டி டிப்ஸ் வாங்கும் சர்வர் மாதிரி. இந்த ஒப்புமை என்னுடையது இல்லை, மருத்துவப் புத்தகங்களிலேயே அந்தக் கைநிலைக்கு அப்படித்தான் பெயர். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புகளில் மேலே இருப்பவை அடிபட்டால் வருவது, எர்ப்ஸ் பால்சி என்பார்கள்.

மூன்றாவது வாரம் இந்த சென்டருக்குப் போனோம்.

முதல் சந்திப்பு நாற்பது நிமிடம். அதில் முதல் பத்து நிமிடம் அந்த பிசியோதெரபிஸ்ட் குழந்தையைத் தொடவே இல்லை. மெத்தையில் படுக்க வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகுதான் புரிந்தது, மூச்சு விடும்போது இரண்டு பக்க நெஞ்சும் ஒரே மாதிரி ஏறி இறங்குகிறதா என்று பார்த்திருக்கிறார். கைக்குப் போகும் நரம்புப் பின்னலுக்குப் பக்கத்திலிருந்துதான் மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்கும் நரம்பு போகிறது. கண் இமை ஒரு பக்கம் தொங்குகிறதா, அந்தக் கண்ணின் பாப்பா சிறுத்திருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறார். அப்படி இருந்தால் கீழ் நரம்பு முதுகுத்தண்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம். எங்களுக்கு இரண்டும் இல்லை. அப்புறம் குழந்தையின் தலையைக் கையில் தாங்கி, சட்டென்று ஓரிரு அங்குலம் இறக்கினார். பயந்த குழந்தை இரண்டு கையையும் விரிக்கவேண்டும் இல்லையா, இடது கை விரிந்தது, வலது கையில் விரல்கள் மட்டும் அசைந்தன.

"விரல் அசையுதுல்ல அப்பா, அது நல்ல விஷயம்" என்றார். அங்கே எல்லா ஆண்களும் அப்பா, எல்லாப் பெண்களும் அம்மா, பெயரெல்லாம் கேட்கமாட்டார்கள்.

நரம்பைப் பற்றி அவர் விளக்கியதுபோல் வேறு யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. கழுத்திலிருந்து கைக்கு ஐந்து நரம்பு வேர் வருகிறது, சி5, சி6, சி7, சி8, டி1. அவை கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பின்னிக்கொண்டு அப்புறம் கைக்குள் இறங்குகின்றன. தலை ஒரு பக்கம் போய் தோள் மறுபக்கம் மாட்டிக்கொண்டால் இடையில் இருக்கும் பின்னல் இழுபடும். "வயரைப் பிடிச்சு இழுத்தீங்கன்னா மூணு விதமா ஆகலாம். கம்பி நீளும், ஆனா அறாது. இல்ல, நடுவுல அறுந்துடும். இல்லன்னா சுவிட்ச் போர்டுல இருந்தே பிடுங்கிட்டு வந்துடும். உங்க பையனுக்கு எதுன்னு இன்னைக்கே சொல்ல முடியாது, அவன்தான் சொல்லணும்" என்றார். நீண்டது தானாகச் சரியாகும். அறுந்ததும் பிடுங்கியதும் அப்படி இல்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் வகைதான் என்றும் சொன்னார், அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு மாதம் ஓட்டினோம்.

யார் இழுத்ததால் இப்படி ஆனது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியுமா? "நான் அந்த ரூம்ல இல்லை அப்பா, அதனால சொல்லமாட்டேன். இழுக்காமலேயும் ஆகும், சிசேரியன்லகூட ஆகியிருக்கு. ஆனா என்ன நடந்துச்சுன்னு அவங்ககிட்ட எழுதி வாங்குங்க" என்றார். எத்தனை கிலோ, ஆயுதம் போட்டு எடுத்தார்களா, வாக்குவம் வைத்தார்களா, எந்தப் பக்கத் தோள் மாட்டியது, தலை வந்த பிறகு உடம்பு வர எத்தனை நிமிடம், எக்ஸ்ரே எடுத்தார்களா. இதில் எடையைத் தவிர எதுவும் என் கையில் இல்லை. போய்க் கேட்டு, நின்று, மறுபடி போய், அந்தக் காகிதத்தை வாங்க எனக்கு மூன்று வாரம் ஆனது. நீங்கள் டிஸ்சார்ஜ் அன்றைக்கே கேளுங்கள்.

இனி பயிற்சி. இந்த சென்டரின் உயிரே இங்கேதான் இருக்கிறது. குழந்தையை வாங்கி உள்ளே கொண்டுபோய் ஏதோ செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வேலை இங்கே கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை அவர்கள் அரைமணி நேரம் செய்வதில் ஒன்றும் ஆகாது, வீட்டில் ஒவ்வொரு டயப்பர் மாற்றும்போதும் நாம் செய்வதுதான் கணக்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஆனால் உடனே குழந்தையைத் தொடவிடவில்லை, ஒரு துணிப் பொம்மையைக் கொடுத்தார்கள். யாரோ உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள், ஒரு கை மட்டும் தோளில் தொளதொளவென்று இருக்கும்படி, உள்ளே மணலோ எதுவோ போட்டுக் கனமாக. அந்தப் பொம்மையின் கையை நான் தூக்கியதும் தோள்பட்டை எலும்பு இருக்கவேண்டிய இடமும் சேர்ந்து மேலே வந்தது. "பாத்தீங்களா, தோள்மூட்டு அசையவே இல்ல, முதுகுதான் அசையுது" என்று என் இடது கட்டைவிரலை எடுத்துப் பொம்மையின் முதுகில், சிறகெலும்பின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். இதைத்தான் நிறைய பேர் தவறாகச் செய்கிறார்களாம். சிறகெலும்பைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினால்தான் மூட்டு நீளும்.

இன்னொன்று, எங்களுக்கு மிக முக்கியமானது, தோளை வெளிப்பக்கம் திருப்புவது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொண்டு, முன்கையைக் கதவு திறப்பதுபோல மெதுவாக வெளியே கொண்டுபோகவேண்டும். எங்கே இறுகுகிறதோ அங்கே நிறுத்தி, பத்து எண்ணி, அதற்கு மேல் ஒரு நூல்கூடத் தள்ளாமல் திரும்பி வரவேண்டும். பொம்மையில் எளிதாக வந்தது. என் மகனிடம் முதல் முறை செய்தபோது என் கட்டைவிரல் நகம் வெள்ளையாகிவிட்டது, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் விரல்மேல் தன் விரலை வைத்து இலேசாகத் தட்டினார், தளர்த்தினேன். "இப்போ சரி" என்றார். அந்த ஒரு தட்டலை எந்த வீடியோவைப் பார்த்தும் கற்றுக்கொள்ள முடியாது, அதனால்தான் இந்த ஐந்து மார்க்.

இந்தத் திருப்பல் ஏன் முக்கியம் என்றால், உள்பக்கம் இழுக்கும் தசைகளுக்கு நரம்பு சீக்கிரம் வந்துவிடும், வெளிப்பக்கம் இழுப்பவை தூங்கிக்கொண்டிருக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் ஆளே இல்லாத மாதிரி. கை உள்ளேயே திரும்பி இறுகிவிட்டால், வளரும் குழந்தை என்பதால் தோள்மூட்டின் எலும்பே கோணலாக வளரும், சில குழந்தைகளுக்கு மூட்டு பின்பக்கம் நழுவியும் விடும். நரம்பு பின்னால் வந்தாலும் மூட்டு ஒத்துழைக்காது.

சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய சொல்லிக்கொடுத்தார்கள். சட்டை மாட்டும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது. மடியில் வைத்திருக்கும்போது அந்தக் கை பின்னால் தொங்கிக் கிடக்க விடக்கூடாது. உணர்வு வர வர சில குழந்தைகள் அந்த விரல்களைப் புண்ணாகும்வரை கடிக்குமாம், அதைக் கவனிக்கவேண்டும். கையில் பஞ்சு, துண்டு, பிரஷ் என்று மாற்றி மாற்றித் தடவவேண்டும், இப்படி ஒரு கை இருக்கிறது என்று அவன் மூளைக்கு ஞாபகப்படுத்த. பழைய காலத்தில் கையைப் பக்கவாட்டில் தூக்கி, கட்டுப்போட்டு அப்படியே விட்டுவிடுவார்களாம், அதில் மூட்டு இறுகிப்போனதால் கைவிட்டுவிட்டார்கள். உறவுக்காரர் ஒருவர் இன்னமும் அதைத்தான் எங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

காத்திருக்கும் ஹால் தனி உலகம். பிரசவத்தில் குழந்தைக்கு இவ்வளவு விதமாக அடிபடும் என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஒரு குழந்தைக்குக் காறை எலும்பு உடைந்திருந்தது, சட்டைக் கையை நெஞ்சோடு சேர்த்து ஊக்கு குத்தியிருந்தார்கள். அந்த அம்மா அழுதுகொண்டே இருந்தார், ஆனால் எங்கள் எல்லோரிலும் அதிர்ஷ்டசாலி அவர்தான். பச்சைக் குழந்தையின் எலும்பு இரண்டு மூன்று வாரத்தில் ஒட்டிவிடும், நடுவில் ஒரு கட்டி தட்டுப்படும், அது எலும்பு ஒட்டுவதன் அடையாளம். இன்னொன்றுக்குத் தலையில் ஒரு பக்கம் மட்டும் மெத்தென்று வீக்கம், எலும்புக்கும் அதன் மேலுறைக்கும் நடுவில் இரத்தம் கட்டியது, செபலோஹீமடோமா. மண்டையோட்டுத் தையல் கோட்டைத் தாண்டாது, கரைய வாரங்களோ மாதங்களோ ஆகும், கரையும்போது மஞ்சள் காமாலை வரலாம் என்பதால் கவனிக்கச் சொல்லியிருந்தார்களாம். பிறந்தவுடனே தையல் கோட்டைத் தாண்டியும் தெரிகிற சாதாரண நீர்வீக்கம் வேறு, அது சில நாளில் போய்விடும். ஆயுதம் போட்டு எடுத்த ஒரு பெண்குழந்தை அழும்போது வாய் ஒரு பக்கம் மட்டும் இழுத்தது, முகநரம்பு அழுந்தியது. ஆறேழு வாரத்தில் அவள் இரண்டு பக்கமும் சமமாக அழ ஆரம்பித்தாள், ஹாலில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்தோம், ஒரு குழந்தை அழுததற்கு.

சரி, குறைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் மார்க் போடுவார்கள், பூஜ்யத்திலிருந்து ஏழு வரை. தோள் தூக்குதல், முழங்கை மடக்குதல், மணிக்கட்டு நிமிர்த்துதல் என்று தனித்தனியாக. படுத்தபடி, கையின் பாரம் தாங்காமல் அசைத்தால் நாலு வரைதான், பாரத்தையும் தூக்கி அசைத்தால் ஐந்து முதல் ஏழு. மிக நல்ல முறை, மனசு ஏமாற்றினாலும் தாள் ஏமாற்றாது. முழங்கை மடக்குவதற்கு எங்கள் தாளில் ஆறாவது வாரம் 0. ஒன்பதாவது வாரம் 1. பன்னிரண்டாவது வாரம் 2.

எல்லாமே அந்தத் தாளில் இருந்தது. ஆனால் மூன்று மாதத்துக்குள் முழங்கையை மடக்கும் தசை ஒழுங்காக வேலைசெய்யவில்லை என்றால் நரம்பு அறுவை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. அறுந்த நரம்பை ஒட்டுப்போட்டு இணைக்கும் அறுவையைப் பெரும்பாலும் மூன்றாம் மாதத்திலிருந்து ஒன்பதாம் மாதத்துக்குள் செய்துவிடுகிறார்கள். நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், அது போய்ச் சேரும்வரை தசை காத்திருக்காது, நாள் ஆக ஆக மெலிந்து வீணாகும். "முன்னேற்றம் இருக்கு, பொறுமையா இருங்க அப்பா, பாசிட்டிவா இருங்க" என்றே ஒவ்வொரு வாரமும். ஹாலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு குழந்தையின் தாத்தாதான், "நீங்க சர்ஜனைப் பாத்தாச்சா?" என்று போகிறபோக்கில் கேட்டார். அவர் பேத்திக்கு அறுவை முடிந்து வந்திருந்தார்கள்.

நான் உள்ளே போய் நேராகக் கேட்டேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்று பதில். எதைக் கேட்கவேண்டும் என்றே தெரியாதவன் எப்படிக் கேட்பான்? அனுப்பிவிட்டால் திரும்பி வரமாட்டோம் என்ற பயமா, பெற்றோரைக் கலவரப்படுத்தவேண்டாம் என்ற நல்லெண்ணமா, எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் குழந்தையின் வாரங்கள் நல்லெண்ணத்துக்காக நிற்பதில்லை.

பதினான்காவது வாரம் அறுவை மருத்துவரைப் பார்த்தோம். அவர் தாளை வாங்கிப் பார்த்து, "இதைப் போட்டவங்க நல்லாப் போட்டிருக்காங்க, ஆனா ரெண்டு வாரம் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். காத்துப் பார்க்கலாம், ஆனால் மாதாமாதம் நான் பார்க்கவேண்டும் என்றார். முழங்கை மடக்குவதற்கு நாலரை மாதத்தில் 5, ஆறு மாதத்தில் 6. ஒன்பதாம் மாதம் அவர் ஒரு சோதனை செய்தார். மேல்கையை விலாவோடு மெதுவாகப் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார். கழுத்தை அதிகம் குனியாமல் அதை வாய்க்குக் கொண்டுபோகவேண்டும், அவ்வளவுதான் சோதனை. அவன் முதலில் அதை ஆராய்ந்தான், கீழே போட்டான், மறுபடி கொடுத்ததும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு நக்கினான். பாஸ். நரம்பு அறுவை வேண்டாம் என்றார்.

இன்னொரு குறை, தசையைத் தூண்டக் கரண்ட் வைப்பது. ரிசப்ஷனில் இருப்பவர் ஒவ்வொரு வாரமும் "ஸ்டிமுலேஷன் பேக்கேஜ்" என்று ஆரம்பிப்பார், பத்து தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை. பச்சைக் குழந்தைக்கு இதனால் உறுதியான பலன் உண்டு என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்றார் அறுவை மருத்துவர், நாங்கள் எடுக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் எங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசவில்லை, கேட்டபோது சிரித்துவிட்டு மரப்பாச்சி மாதிரி வேறுபக்கம் பார்த்தார். உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே பில் போடுபவர்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது போல.

இப்போது பதினாலு மாதம். வலது கையால் பந்தைப் பிடிக்கிறான், என் கண்ணாடியைப் பிடுங்குகிறான், தவழும்போது ஊன்றுகிறான். வாய்க்குக் கொண்டுபோகும்போது மட்டும் முழங்கை கொம்பு ஊதுபவர் மாதிரி வெளியே தூக்கிக்கொண்டு போகிறது, உள்ளங்கை முழுதாக மேலே திரும்பவில்லை. இது இப்படியே இருக்கலாம், பின்னால் தோளுக்கு ஏதாவது செய்யவேண்டியும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கதவு திறக்கும் பயிற்சி இன்னும் தினமும் உண்டு, ஆனால் இப்போது அவனைப் பிடித்து நிறுத்துவதே பெரிய பயிற்சி.

இன்னும் அங்கேதான் போகிறோம். புதிதாகப் போகிறவர்கள் முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வாரத்தில் எந்த மார்க் வரவில்லை என்றால் என்னை யாரிடம் அனுப்புவீர்கள், அதை எழுதித் தருவீர்களா. தாளின் நகலை ஒவ்வொரு முறையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பால் கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்து இருக்கும்படி நேரம் வாங்குங்கள், பசியில் போனாலும் தூக்கத்தில் போனாலும் அரைமணி நேரமும் அழுகையிலேயே போய்விடும். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையாகப் போட்டுக் கூட்டிப் போங்கள், தலைவழியாக மாட்டும் பனியனோடு முதல் நாள் போய் நானும் என் மனைவியும் பட்ட பாட்டை அந்த ஹாலே பார்த்தது.